கூம்பைத் திறக்க எத்தனை நியூற்றன்?

மன்னார்க் கடலுக்கு அக்கரையில், குலசேகரப்பட்டினத்தில், 2024 பெப்ரவரி 28 அன்று ரொக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நட்டார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகிற ரொக்கெட் இலங்கைக்கு மேலால் பறக்காமல் வளைஞ்சு போகவேணும்; அதில் எரிபொருள் வீண். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேராகவே போகலாம். சுத்திப்போகவேண்டிய தடையாகத்தான் எங்கட தீவு இந்தக் கதையில் வருகிறது. நாங்களோ, தலைமன்னாரில் நிண்டால் புகை தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறம்.

மேலே போகிறதைப் பற்றி எல்லாரும் கதைப்பினம். இறங்கிறதைப் பற்றி ஆர் கதைக்கிறது? 2023 ஒக்ரோபர் 21 அன்று இஸ்ரோ ககன்யான் கலத்தை ஆளில்லாமல் ஏவி, பரசூட்டில் கடலில் இறக்கிப் பார்த்தது. ஆள் ஏறமுதல் இறங்கத் தெரியவேணும்.

வெளிநாடுகளில் பொழுதுபோக்காகப் பெரிய மாதிரி ரொக்கெட் விடுகிறவர்களும் இதிலேதான் மண்டையை உடைக்கிறார்கள். உச்சியில் சின்னதொரு கரிமருந்து எரியும்; அதன் வாயு முன்கூம்பைத் தள்ளிவிட, பரசூட் வெளியே வரும். எவ்வளவு மருந்து? "கொஞ்சம் கூடப் போட்டால் நிச்சயம்" என்கிற புத்தியோடுதான் எங்கட சண்டை. குழாயின் உள்விட்டம் 10 சென்ரிமீற்றர், பரசூட் அறையின் நீளம் 30 என்று வையுங்கோ. குறுக்குப் பரப்பு 78.5 சதுர சென்ரிமீற்றர். உள்ளே அமுக்கம் ஒரு வளிமண்டலம் கூடினாலே கூம்பை ஏறத்தாழ 800 நியூற்றன் தள்ளும். கிட்டத்தட்ட 80 கிலோ பாரம்! அதுக்கு வேண்டியது ஒரு கிராம் சொச்சம் மருந்துதான். மூண்டு மடங்கு போட்டால் கயிறு குழாயைக் கிழிக்கும், பரசூட் பொசுங்கும். குறைஞ்சால் கூம்பு திறக்காது. ரொக்கெட் ஈட்டி மாதிரி இறங்கும். கீழே நிக்கிறது ஆற்ற பிள்ளையோ. அதனால்தான் கணக்குப் போட்ட பிறகும் நிலத்தில் வைத்துச் சோதிக்காமல் பறக்கவிடமாட்டார்கள்.

கைக்கணக்கு மருந்து என்ன செய்யுமென்று மன்னாருக்குப் புதுசில்லை. டைனமைட் அடிச்சு மீன் பிடிக்கிற இடத்தில் முருகைக்கல்லும் குஞ்சுமீனும் சேர்ந்தே சாகுது.

மருந்து என்ற சொல்லுக்கே அம்மாமார் பதறுவினம். பதறக் காரணமிருக்கு. அனுமதியில்லாமல் வெடிமருந்து வைத்திருந்தால் குற்றம். "பரசூட்டுக்குத்தான்" என்று ஒரு தமிழ்ப் பெடியன் சொன்னால் ஆர் நம்புவினம்? ஒருத்தரும் மருந்து தேடவும் வேண்டாம், வீட்டில் கிண்டவும் வேண்டாம்.

ஆனால் கணக்குக்குத் தடையில்லை. அமுக்கம், விசை, பரப்பளவு எல்லாம் சாதாரணதர விஞ்ஞானப் புத்தகத்தில் கிடக்கு. பரீட்சைக்குப் பாடமாக்கி மறந்துவிடுகிறம். சோடாப் போத்தில், தண்ணி, சைக்கிள் பம்ப் இருந்தால் நீர் ரொக்கெட் பறக்கும். றப்பர் பட்டியால் மூடியைத் தள்ளிப் பரசூட்டை விரிக்கலாம். மூடி எவ்வளவு இறுக்கம் என்று விற்றராசால் இழுத்துப் பாருங்கோ. பட்டி அதைவிடக் கூடத் தள்ளவேணும்.

அடுத்த விஞ்ஞானக் கண்காட்சியில் வண்ணம் பூசின றெஜிபோம் ரொக்கெட்டுக்குப் பரிசு குடுக்கமுதல், நடுவர்மார் ஒண்டைக் கேட்கட்டும்: தம்பி, தங்கச்சி, இது எப்பிடி இறங்கும்? கூம்பைத் திறக்க எத்தனை நியூற்றன்?