சட்டம் அண்டாவை அளக்கட்டும்

கொல்கத்தா அடுக்குமாடி வீடொன்றில் ஒருவர் முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்துப் பீர் காய்ச்சினால், ஐந்து லிட்டரோ ஐநூறு லிட்டரோ, அது உரிமம் இல்லாத மது உற்பத்திதான். மேற்கு வங்கத்தின் கலால் நடைமுறைக்கு அடிப்படையான 1909-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. அதே சட்டம், அரிசியையோ சிறுதானியத்தையோ நொதிக்கவைத்துச் செய்யும் பச்வாயைப் பீரிலிருந்து தனியே பிரித்து வைத்திருக்கிறது. பழங்குடிக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக்கென அதைச் செய்துகொள்ள ஆங்கிலேயர் காலத்திலேயே விதிகளில் இடம் விடப்பட்டது. வீட்டுக்குச் செய்வது வேறு, விற்கச் செய்வது வேறு என்பது வங்கக் கலால் துறைக்குப் புதிய சிந்தனை அல்ல. நகரத்துப் பீருக்கும் அந்தச் சலுகையை நீட்டலாம். எல்லையை எங்கே போடுவது என்று கேட்டால், தண்ணீர் சுடவைக்கும் அண்டாவின் கொள்ளளவில் போடலாம் என்பேன்.

காரணம், அண்டாவின் அளவுதான் எவ்வளவு பீர் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. இருபது லிட்டர் பீருக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ மால்ட் வேண்டும். அதை 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். பிறகு இன்னும் கொஞ்சம் சூடான தண்ணீரை ஊற்றி அலசி, மிச்ச இனிப்பையும் இறக்க வேண்டும். மால்ட் கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிடும். ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைக்கையில் மூன்று நான்கு லிட்டர் ஆவியாகும். வண்டலோடு போவதையும் சேர்த்தால் 30 லிட்டர் வெந்நீர் தேவை. விளிம்பு தட்ட நிரப்ப முடியாதாகையால் 40 லிட்டர் அண்டா போதும். அதைவிடச் சிறிதென்றால் இரண்டு தடவை சுடவைக்க வேண்டியிருக்கும். மிகப் பெரிதென்றால் தண்ணீர் அடியிலேயே கிடக்கும். முழுதும் மூழ்காத சூடேற்றும் சுருள் எரிந்துபோகும். மின்கணக்கும் இதையே சொல்கிறது. 30 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 1.75 யூனிட் செலவாகும். 3 கிலோவாட் சுருளுக்கு அது 35 நிமிட வேலை. 200 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 12 யூனிட், நான்கு மணி நேரம். கீசருக்குப் போட்ட பிளக்கை நம்பி யாரும் தொழிற்சாலை நடத்த முடியாது.

பாத்திரத்தின் அளவைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை வங்கம் ஒருமுறை பார்த்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘அவுட்ஸ்டில்’ முறை இருந்தது. ஏலம் எடுத்தவர் மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டால் போதும்; எத்தனை காலன் சாராயம் வடித்தாலும் வரி ஏறாது. வடிக்க வடிக்கச் சரக்கு மலிந்தது, குடியும் பெருகியது. 1883-84-இல் இதை ஆராய்ந்த வங்கக் கலால் ஆணையம், வடிகலன்களுக்கும் ஊறல் தொட்டிகளுக்கும் கொள்ளளவு வரம்பு வேண்டும் என்றது. சென்னை மாகாணத்தில் கள்ளுக்கு மரத்தை எண்ணி வரி போட்டார்கள். சட்டியில் விழும் கள்ளை யார் அளப்பது, மரம் எங்கேயும் ஓடிவிடாது என்ற நடைமுறை அறிவு அது. அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஆளுக்கு ஆண்டுக்கு 100 காலன் என்று வரம்பு வைத்தது. தாராளம்தான், ஆனால் வீடு வீடாகப் போய் அந்தக் காலனை எண்ணப்போவது யார்?

சிறிய அண்டாவில் தினமும் காய்ச்சினால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அவுட்ஸ்டில்காரர்கள் இரவு பகலாக அடுப்பெரித்தவர்கள்தாம். ஆனால் சாராயம் வடிப்பது சில மணி நேர வேலை. பீரோ ஈஸ்ட் போட்டபின் இரண்டு வாரம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதிலும் ஏல் வகை பீருக்கு 20 டிகிரியை ஒட்டிய குளுமை தேவை. கொல்கத்தாவின் மே மாதத்தில் ஃபிரிட்ஜ் இல்லாமல் அது நடக்காது. வீட்டு ஃபிரிட்ஜில் எத்தனை கேன் வைத்துவிட முடியும்? ஐயம் தீர வேண்டுமானால் நொதிக்கவைக்கும் கேன்களுக்கும் ஒரு வரம்பு சேர்த்துக்கொள்ளலாம். பிரியாணி தேக்சா வைத்திருப்பவர் வீட்டுக்கெல்லாம் கலால் துறை வருமோ என்ற அச்சத்துக்கு விதியின் வாசகத்திலேயே விடை வைக்க வேண்டும்: பெரிய பாத்திரம் வைத்திருப்பது குற்றமல்ல, அதில் பீர் காய்ச்சினால் சலுகை கிடையாது, அவ்வளவே.

கனமான மறுப்பு கள்ளச்சாராயச் சாவுகளைப் பற்றியது. 2011 டிசம்பரில் தெற்கு 24 பர்கானாவின் சங்கிராம்பூரில் 170 பேர் அளவில் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். இரண்டிலும் கொன்றது மெத்தனால். பார்லியை ஈஸ்ட்டால் நொதிக்கவைக்கையில் அது ஆளைக் கொல்லும் அளவில் உண்டாவதில்லை. பீரில் வடித்தலே இல்லை. எனவே சலுகையில் வடிகலனுக்கு இடமே இருக்கக் கூடாது. குடியே கூடாது என்பவர்கள் அரசியலமைப்பின் 47-ஆவது பிரிவைக் காட்டுவார்கள். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தெருத்தெருவாக மதுக்கடைக்கு உரிமம் தரும் ஓர் அரசு, நாற்பது லிட்டர் அண்டாவுக்கு எதிராக மட்டும் அதை எடுத்துக்காட்ட முடியாது. முதல் பாட்டில் விற்கப்படும்போது சலுகை ரத்தாகட்டும். கலால் ஆய்வாளர் அப்போது வந்தால் போதும்.