களவு என்று சொல்ல முதல் ஜூலியாவை வென்று காட்டுங்கோ

போன மாதம் ஒரு வாசிப்பு வட்டம் முடிந்து எல்லாரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்ற நேரம். எங்களில் ஒருத்தன்ர லப்டொப்பில் போகிமொன் ரீபோர்ன் திறந்திருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அண்ணை எட்டிப் பார்த்தார். "இது கொம்பனி விட்ட கேமோ?" என்று கேட்டார். இல்லை அண்ணை, ரசிகர்கள் சேர்ந்து செய்தது என்றோம். "அப்ப களவெடுத்த சாமான். வேற வேலை இல்லையோ உங்களுக்கு? அதுவும் சின்னப் பிள்ளையள் விளையாடுறதை" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வாசித்த மொழிபெயர்ப்பு நாவலைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போனார். அந்த நாவல் முழுக்கப் போட்டோகொப்பி.

அந்த இடத்தில் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அண்ணைக்கு மரியாதை ஒரு பக்கம், பதில் தெரியாதது மறுபக்கம். இப்ப தெரியும். அதால எழுதுகிறோம்.

முதலில் சின்னப் பிள்ளையள் கதையை முடிப்போம். போகிமொன் 1996 பெப்ரவரியில் ஜப்பானில் வந்த கேம். விசித்திர மிருகங்களைப் பிடித்து, வளர்த்து, ஊரூராகப் போய் ஜிம் தலைவர்களோடு மோத வேண்டும். கொம்பனியின் கேம்களில் வழக்கமாக எட்டு ஜிம். ரீபோர்னில் 18, ஒவ்வொரு வகைக்கும் ஒன்று. ஆர்.பி.ஜி. மேக்கர் எக்ஸ்.பி. என்ற பழைய மென்பொருளில், ஒரு சதம் வாங்காமல், ஏறக்குறைய பத்து வருடமாகத் துண்டு துண்டாகச் செய்து, 2022 இல் பத்தொன்பதாவது அத்தியாயத்தோடு முடித்தார்கள். பத்து வருடம்! நாங்கள் ஒரு அசைன்மென்ட்டைப் பத்து நாள் இழுத்தாலே விரிவுரையாளர் கூப்பிட்டு ஏசுவார்.

கதை தொடங்குவது ஒரு ரயில் பயணத்தில். ஸ்டேஷனுக்கு வந்து சேரும்போதே குண்டு வெடிக்கிறது. இறங்கி நடந்தால் கறுத்த தண்ணீர், இடிந்த தெரு, வேலையில்லாத கும்பல்கள். அந்த நகரத்தின் வட்டாரங்களுக்கெல்லாம் ஒப்பல், ஒப்சிடியன், பெரிடொட் என்று கல்லுகளின் பெயர். இரத்தினக்கல் பெயர் வைத்த சேரிகள்! இயந்திரத்தோடு பூட்டப்பட்ட ஒரு மிருகத்தின் கொடிகள் ஒரு வட்டாரத்தையே கிழித்துப் போடும். அநாதை இல்லம் நடத்தும் ஒரு டொக்டர் பிள்ளைகளுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்து "சுகப்படுத்துவார்". ஒரு ஜிம்மில் நாங்கள் வென்ற பிறகு, தோற்ற மனிதர் வீட்டுக்குப் போகவில்லை. அவருக்கு ஒரு மகள் இருந்தாள். இதுக்கு மேல் சொல்லமாட்டோம். ஆனால் அன்றிரவு எங்கட அறையில் ஒருத்தரும் அடுத்த ஜிம்மைப் பற்றிக் கதைக்கவில்லை. வெற்றி பெற்ற பிறகு இப்படி மௌனமாக இருந்தது எங்களுக்கு அதுதான் முதல் தடவை. சின்னப் பிள்ளையள் விளையாடுவதாம்.

இனி ஜூலியா. முதலாவது ஜிம் தலைவி, மின்சார வகை, எதையாவது வெடிக்க வைக்காவிட்டால் நித்திரை வராத ஒரு பெட்டை. முதல் ஜிம் தானே என்று பகிடியாகத்தான் போனோம். இரண்டு நிமிடத்தில் ஆறு மிருகமும் சரி.

ரீபோர்னில் சண்டை நடக்கும் நிலமும் சண்டை போடும். "களம்" என்று வைத்துக்கொள்ளுங்கோ. பாலைவனம், நச்சுப் புகை, காடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம். நச்சுப் புகைக்குள் நெருப்பை வீசினால் முழு இடமும் வெடிக்கும். ஜூலியாவின் இடம் மின்களம். அங்கே மின்சாரத் தாக்குதல்கள் ஒன்றரை மடங்கு. சரி, தூங்க வைப்போம் என்று இரண்டாம் தரம் போனோம். மின்களத்தில் நிலத்தில் நிற்கும் எதுவும் தூங்காது. மண் வகை வைத்திருந்தால் மின்சாரம் படாது, ஆனால் அந்த நேரம் எங்களிட்ட ஒரு மண் வகையும் இருக்கவில்லை. அப்ப லெவலைக் கூட்டிக்கொண்டு வந்து அடிப்போம் என்றான் ஒருத்தன். ஏலாது. குறிப்பிட்ட லெவலைத் தாண்டினால், அதற்குரிய பட்ஜ் கையில் இல்லாமல், மிருகம் உங்கட சொல்லுக் கேளாது. சண்டை நடுவில் பேசாமல் நிற்கும். அடித்துப் பிடித்து வளரும் குறுக்கு வழியை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

நாலு நாள். பதினொரு தோல்வி. சுவரில் கொப்பித்தாள் ஒட்டி எழுத ஆரம்பித்தோம்: அவள் முதலில் எதை இறக்குகிறாள், எது எதை விட வேகம், எந்த அடிக்கு எவ்வளவு உயிர் போகிறது. ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த கூட்டாளிக்கு இன்னொருத்தி ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன்தான் கண்டுபிடித்தான். "புல் வகைக்கு மின்சாரம் பாதிதானே படும்? களம் ஒன்றரை மடங்காக்குது. பாதியில ஒன்றரை எண்டா முக்கால். முழுசா விழேல்லைத்தானே!" நாங்கள் தொடக்கத்தில் நெருப்பு மிருகத்தை எடுத்த மடையர்கள். எல்லாத்தையும் விட்டுவிட்டு முதலில் இருந்து தொடங்கி புல்பசோரை எடுத்தோம். உயிரை உறிஞ்சும் விதை, நச்சுத்தூள், பொறுமை. அடிக்கவே இல்லை. தாங்கி நின்றோம். கடைசி எலெக்ட்ரோட் விழுந்த நேரம் விடிய இரண்டு மணி. கத்தின கத்தில் வீட்டுக்கார அன்ரி லைட்டைப் போட்டுவிட்டா.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம்? ஒரு பிரதியை வரிவரியாக, என்ன சொல்லப்பட்டிருக்கிறது, என்ன மறைக்கப்பட்டிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லித்தான் கலைப்பீடத்தில் எங்களுக்குப் படிப்பிக்கினம். அந்த வாசிப்பை உண்மையாகவே செய்ய வைத்த பிரதிகளைக் கேட்டால், பாடத்திட்டத்தில் இருந்து இரண்டு மூன்றைச் சொல்லுவோம். அதற்குப் பக்கத்தில் ஜூலியாவின் பெயரையும் எழுதுவோம்.

கொம்பனியோ மற்றப் பக்கமாக நடக்கிறது. 2013 இல் வந்த எக்ஸ், வை கேம்களில், சண்டையில் இறங்காத மிருகங்களுக்கும் அனுபவப் புள்ளி கிடைக்கத் தொடங்கியது. விரும்பாட்டி நிறுத்தலாம். 2019 இல் வந்த சுவோர்ட், ஷீல்டில் நிறுத்தவும் ஏலாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இலகுவான கேம் வேண்டும், அதில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இருபது வயதானாலும் முதுகைத் தட்டிக்கொண்டே இருப்போம் என்கிறது கொம்பனி. அந்த இடைவெளியைத்தான் ரசிகர்கள் நிரப்பினார்கள்.

நிரப்பினவர்களுக்கு என்ன நடந்தது? 2016 ஓகஸ்ட்டில் போகிமொன் யுரேனியம் வந்தது. ஒன்பது வருட உழைப்பு, அணுக்கதிர் பாய்ந்த மிருகங்கள், 150க்கு மேல் சொந்தமாகக் கற்பனை செய்த உயிர்கள். 15 இலட்சம் தடவைக்கு மேல் தரவிறக்கப்பட்டது. வந்த சில நாட்களிலேயே நின்டெண்டோவின் சட்டத்தரணிகளிடம் இருந்து அறிவித்தல்கள், தரவிறக்கம் நிறுத்தம். அதே வருடம் டிசெம்பரில் போகிமொன் பிரிஸம், எட்டு வருட வேலை, வெளியாக சில நாட்கள் இருக்கும்போது கடிதம் வந்தது. 2018 இல் கேம்களை விட்டுவிட்டு அவற்றைச் செய்யும் கருவியையே பிடித்தார்கள்: போகிமொன் எசென்ஷல்ஸ். யுரேனியமும் ரீபோர்னும் கட்டப்பட்டது அதில்தான். காசு கொடுத்துக் கேம் செய்யப் படிக்க வழியில்லாத எத்தனையோ பேருக்கு அதுதான் பள்ளிக்கூடம். பிறகு அது வேறு இடத்தில் உயிர்த்தது என்பது வேறு கதை. ரீபோர்ன் இதுவரை தப்பியிருக்கிறது.

"சொந்தமா ஒண்டைச் செய்யலாமே" என்று அடுத்த கேள்வி வரும். செய்தவர்களும் இருக்கினம். பால்வேர்ல்ட் என்ற கேமை ஒரு ஜப்பானியக் குழு சொந்தப் பெயரில், சொந்த மிருகங்களோடு செய்தது. 2024 செப்டெம்பரில் நின்டெண்டோவும் போகிமொன் கொம்பனியும் காப்புரிமை வழக்குப் போட்டன. எங்களுக்கு பால்வேர்ல்ட் அவ்வளவு பிடிக்காது, அது காசுக்கு விற்கிற கேமும்கூட. ஆனால் "சொந்தமாகச் செய்" என்று புத்தி சொல்கிறவர்கள் இதையும் தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லட்டும்.

இன்னும் பின்னால் போவோம். 1983 இல் டோக்கியோவில் சதோஷி தஜிரி என்ற பெடியன், ஆர்கேட் கேம் பைத்தியம், கையால் எழுதிப் பிரதி எடுத்து ஸ்டேப்ளர் அடித்து ஒரு சஞ்சிகை விட்டான். பெயர் கேம் ஃப்ரீக். அதை வாசித்துவிட்டு, படம் கீறித் தாறன் என்று தேடி வந்தவர் கென் சுகிமோரி. 1989 இல் அந்தக் கையெழுத்துச் சஞ்சிகை ஒரு கொம்பனி ஆனது. போகிமொன் செய்தது அந்தக் கொம்பனிதான். தொடக்கத்தில் கேமுக்கு வைத்த பெயர் 'கப்சூல் மொன்ஸ்டர்ஸ்'. சின்ன வயதில் பார்த்த அல்ட்ராசெவன் தொலைக்காட்சித் தொடரில் ஹீரோ சிறு கூடுகளுக்குள் மிருகங்களை வைத்திருந்து சண்டைக்கு விடுவான். அங்கேயிருந்து வந்த யோசனை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட மேசையில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தின எந்தப் பெடியனுக்கும் இந்தக் கதை விளங்கும். ஒரு ரசிகன் இன்னொருத்தர் செய்ததில் மயங்கி, அதைப் பற்றி எழுதி, அதில் இருந்து எடுத்து, வேறொன்றாக ஆக்கினான். அப்போது ஆரும் அவனுக்குக் கடிதம் போட்டிருந்தால் கடிதம் போட இன்றைக்குப் போகிமொன் என்று ஒன்றே இருந்திராது.

சட்டப்படி பெயரும் மிருகங்களும் அவர்களுடையவை. ஒத்துக்கொள்கிறோம். ரசிகர் கேமை சீடியில் எழுதி விற்கிறவனை நாங்களும் திட்டுவோம். ஆனால் களவு என்றால் ஒருத்தரிட்ட இருந்தது இல்லாமல் போக வேண்டும். ரீபோர்னால் கொம்பனியிடம் இருந்து எது இல்லாமல் போனது? எங்கட காசோ? அந்தக் கணக்கையும் பார்ப்போம். ஸ்விட்ச் 2017 இல் அமெரிக்காவில் 299.99 டொலருக்கு வந்தது. டொலர் 300 ரூபாய் என்றால் 90,000. மகாபொல 2025 இல் 7,500 ஆக்கப்பட்டது. பன்னிரண்டு மாதக் காசை ஒரு சதம் தொடாமல் வைத்தால் ஒரு ஸ்விட்ச். வரி தனி, கேம் தனி, அந்த ஒரு வருடச் சாப்பாடு ஆர் தாறது என்பதும் தனி. எங்களிடம் இல்லாத காசை நாங்கள் அவர்களிடமிருந்து எடுக்கவில்லை.

இனி எங்கட பக்க ஊத்தை. ஜூலியாவை வென்ற புளுகத்தில் நாங்கள் கொஞ்ச நாள் சரியான அலட்டல். எங்கட பட்ஜ்மேற் ஒருத்தி தொடங்கும்போதே கடவுச்சொல் போட்டு கேமை இலகுவாக்கி விளையாடினாள். அந்த வசதியை வைத்ததே ரீபோர்ன் செய்தவர்கள்தான். "அப்ப நீ விளையாடேல்லை, படம் பார்த்தனீ" என்று பகிடி பண்ணினோம். அவள் சிரித்தாள். அடுத்த கிழமை அறைக்கு வரவில்லை, பிறகும் வரவில்லை. கதையை எங்களை விடக் கவனமாக வாசித்தவள் அவள்தான். அந்த டொக்டர் ஒரு மாதிரியான ஆள் என்று முதலில் சொன்னதும் அவள். கஷ்டத்தை முடித்தவன் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று வாசலில் நின்ற எங்களுக்கும், கடிதம் போடுகிற சட்டத்தரணிக்கும் எவ்வளவு தூரம் என்று அப்போது ஒருத்தரும் யோசிக்கவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டோம். "பாப்பம்" என்றாள்.

நாங்கள் இப்ப ஏழாவது ஜிம்மில் நிற்கிறோம். ஆறு தரம் தோற்றாயிற்று, கொப்பித்தாள் முடிந்து கலண்டரின் பின்பக்கத்தில் எழுதுகிறோம். கேம் பைல் எங்களிட்ட இருக்கிறது. அண்ணை, நீங்களும் பென்ட்ரைவோட வாங்கோ. கடவுச்சொல் போட்டு விளையாடினாலும் ஒண்டும் சொல்லமாட்டம். அந்த நாவலையும் கொண்டு வாங்கோ, எங்கட கொப்பியில் 112 ஆம் பக்கம் விழேல்லை.