வாத்தியார்களுக்குச் சமத்துவப் பயிற்சியாம்!

காலேஜ் வாத்தியார்களுக்கு இப்போது சமத்துவம் கற்றுக் கொடுக்கிறார்களாம். 1986-ம் வருஷத்துக் கல்விக் கொள்கைக்குப் பின் சர்வகலாசாலைகளில் உபாத்தியாயர்களுக்கென்று பயிற்சிக் கல்லூரிகள் ஏற்பட்டன. 2023-ல் அவற்றுக்கு மாளவியா மிஷன் பயிற்சி நிலையங்கள் என்று நாமகரணம் செய்து, போதிக்க எட்டு விஷயங்களையும் வகுத்தார்கள். திருச்சி பாரதிதாசன் சர்வகலாசாலையிலும் அப்படியொரு நிலையம் உண்டு. எட்டில் ஒன்று, பலதரப்பட்ட பிள்ளைகளையும் ஒதுக்காமல் பாடம் நடத்துவது. மற்றொன்று இந்திய ஞான மரபு! பெயருக்குரிய பண்டித மாளவியாவோ இந்து மகாசபைக்குத் தலைவராயிருந்தவர். வேடிக்கை எப்படி இருக்கிறது பாருங்கள்!

பெயர் எப்படியோ போகட்டும். பயிற்சியே வேண்டாமென்பது நமது கட்சியல்ல. யாருக்காக அந்தப் பயிற்சி என்பதே கேள்வி. தா.பழூர்ப் பக்கத்துக் கூலிக்காரர் மகன் ஒருவன் பஸ் ஏறிக் காலேஜுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசற்படி மிதித்தவன் அவனே முதல். பஸ் தாமதித்தால் முதல் மணி ஆஜர் போயிற்று. பாடமோ இங்கிலீஷில். அர்த்தம் கேட்டால், "இதுகூடத் தெரியாமல் நீ எப்படி இங்கே வந்தாய்?" என்று பதில் வருகிறது. அந்த "எப்படி வந்தாய்" என்பதன் தாத்பரியம் நமக்குத் தெரியாதா? கோட்டாவில் வந்தவனே என்று வாய்விட்டுச் சொல்லாத குறைதானே!

சர்வகலாசாலைப் பரீட்சைக் கடுதாசியில் நம்பர் மட்டும் இருக்கிறது. ஆனால் வாத்தியார் தம் கையால் போடுகிற இன்டர்னல் மார்க்கும், செய்முறைப் பரீட்சையும், வாய்மொழிப் பரீட்சையும் முகம் பார்த்துப் போடுகிறவை. டில்லி எய்ம்ஸ் வைத்தியக் கல்லூரியைப் பற்றி 2007-ல் அறிக்கை கொடுத்த தோரட் கமிட்டியிடம், தாழ்த்தப்பட்ட, மலைஜாதி மாணவர்களில் 100-க்கு 69 பேர் உபாத்தியாயர்களிடம் தங்களுக்குப் போதிய உதவி கிடைப்பதில்லை என்றார்கள். தேசத்திலேயே பெரிய படிப்பாளிகள் கூடியிருக்கிற இடத்தின் லட்சணம் இது!

படிப்பு வந்தால் ஜாதி போய்விடும் என்பார்கள். வ.வெ.சு. அய்யருக்குப் படிப்பில் என்ன குறைவு? லண்டனில் சட்டம் படித்தவர். குறளை இங்கிலீஷில் பெயர்த்தவர். அப்பேர்ப்பட்டவர் பொதுஜனப் பணத்தில் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி! 1924, 25-ல் ஈ.வெ.ராவும் வரதராஜுலுவும் போர் தொடுத்திராவிட்டால் அதுவே தேசியக் கல்வி என்று நின்றிருக்கும்.

நிற்க, பார்ப்பனரை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. இன்று நம் நாட்டுக் காலேஜ்களில் பெரும்பாலும் வாத்தியார் நாற்காலியில் இருப்பவர் நம்மவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஜாதிச் சங்கக் கூட்டத்தில் மாலை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை சமத்துவப் பயிற்சிக்குப் போகிற நம்மவர் இல்லையா? பயிற்சி முடிந்ததும் ஒரு சர்ட்டிபிகேட். அது உத்தியோக உயர்வுக்குக் கணக்கு. வாத்தியார் மாறினாரா என்று அந்தச் சேரிப் பிள்ளையைக் கேட்டவர் யார்?

பயிற்சி உண்மையானதானால் சில காரியங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். எதற்கு எத்தனை மார்க் என்பதை வருஷ ஆரம்பத்திலேயே எழுதி ஒட்டட்டும். வாய்மொழிப் பரீட்சையில் இரண்டாவது ஆள் உட்காரட்டும். இங்கிலீஷ் பாடத்தைத் தமிழில் ஒருமுறை சொல்வதால் எந்த வாத்தியாரின் யோக்கியதையும் குறைந்துவிடாது. பெயர் எழுதாமல் பிள்ளைகள் தரும் அபிப்பிராயத்தைப் பார்த்த பிறகே சர்ட்டிபிகேட் கொடுக்கட்டும்.

தா.பழூர்த் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மகன் காலேஜில் சேர்ந்ததோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அடுத்த தடவை பெற்றோரைக் கூப்பிட்டால் துண்டை இடுப்பில் கட்டாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு போய், நாற்காலியில் உட்கார்ந்து, "என் பிள்ளைக்கு இந்த மார்க் எப்படிப் போட்டீர்கள்? கணக்கைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.