சீனி வியாதியும் நம் பிள்ளைகளின் சேவையும்



சில நோய்களை நோயென்றே எண்ணாத பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. கலியாணப் பந்தியில், "எனக்கும் சீனி வந்துவிட்டது" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். பக்கத்தில் இருப்பவரோ, "இன்று ஒரு நாள்தானே காக்கா, ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று வட்டிலப்பத் தட்டை அவர் பக்கம் நகர்த்துகிறார். உபசரிப்பில் குறையில்லை. ஆனால் அதற்குரிய விலையைப் பின்னாளில் கண்களும் சிறுநீரகங்களும் கால்களும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பேராய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டு வெளியாயின. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அந்நோயின் வாசலில் நிற்பதாகவும் அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களுள் நூற்றுக்கு 14.4 பேர் என்பது அதன் கணக்கு. அப்படியானால் ஜும்ஆத் தொழுகையின் ஒவ்வொரு வரிசையிலும் இந்நோயாளர் சிலர் நின்றுகொண்டிருக்கக்கூடும். அவர்களுள் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்களும் உண்டு. வலியில்லாமல் வந்து, ஓசையின்றி உடலை அரிப்பது இந்நோயின் இயல்பு.

இந்த இடத்தில்தான் கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளின் சேவை நினைவுக்கு வருகிறது. 1969-ஆம் ஆண்டு, காந்தியடிகள் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது நாட்டு நலப்பணித் திட்டம். அதில் சேரும் மாணவர் ஆண்டொன்றுக்கு 120 மணி நேரம் பொதுத் தொண்டில் ஈடுபட வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரெடெரிக் பேன்டிங் பிறந்த நாள் அது. அன்று பல ஊர்களில் மாணவர்கள் பதாகை ஏந்தி ஊர்வலம் போகிறார்கள். இரத்தப் பரிசோதனை முகாம் நடத்துகிறார்கள். பாராட்டத்தக்க பணி. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. முகாம் மாலையோடு முடிந்துவிடுகிறது. நோய் மறுநாளும் இருக்கிறதே! சீட்டில் எழுதிக் கொடுத்த எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பெரியவர், அடுத்த வாரம் மருத்துவரைப் பார்த்தாரா? அதைக் கேட்பவர் யார்?

மாணவர் தொண்டின் உண்மையான பயன் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஓர் அளவு நாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. மோகன் அவர்களும் அவருடைய குழுவினரும் 2005-ஆம் ஆண்டு நம் நாட்டு மக்களுக்கென ஓர் எளிய மதிப்பெண் முறையை வகுத்தளித்தார்கள். அதில் இருப்பவை நான்கே செய்திகள். வயது 35 முதல் 49 வரை என்றால் 20 மதிப்பெண். 50-ஐ எட்டிவிட்டால் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90-உம் எட்டினால் 10. அதைவிடப் பத்து சென்டிமீட்டர் கூடினால் 20. உடற்பயிற்சியும் கடின உழைப்பும் இரண்டும் இருந்தால் மதிப்பெண் இல்லை. ஒன்று மட்டும் இருந்தால் 20. இரண்டுமே இல்லாவிட்டால் 30. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10. இருவருக்கும் இருந்தால் 20. கூட்டுத்தொகை 60-ஐத் தொட்டால் அவர் தாமதமின்றி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர்.

கல்லாப்பெட்டிக்குப் பின்னால் காலை முதல் இரவு வரை அமர்ந்திருக்கும் ஒரு கடை முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 52. இடுப்பு 102 சென்டிமீட்டர். தாயாருக்குச் சீனி வியாதி. அவருடைய மதிப்பெண் 90! ஒரு சொட்டு இரத்தம் எடுக்காமலேயே எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. எனினும் இது நோயை உறுதி செய்யும் சோதனையன்று. யாரை முதலில் சோதிக்க வேண்டும் என்று காட்டும் கைகாட்டி மட்டுமே. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தாலும், குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்து 200-ஐ எட்டினாலும் நீரிழிவு எனக் கொள்வர். அதையும் மருத்துவரே உறுதி செய்ய வேண்டும்.

"வருவது வந்தே தீரும், முன்கூட்டித் தெரிந்து என்ன பயன்?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு விடையும் சென்னையிலிருந்தே கிடைத்திருக்கிறது. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்து, 2006-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளர் ஆயினர். நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. மருந்து கொடுக்கப்பட்ட பிரிவினரும் இதைவிட மேலான பயன் அடையவில்லை. நடையும் நாவடக்கமும் மாத்திரைக்கு ஈடாக நின்றன என்பது சிறிய செய்தியா?

இனி நம் அடுக்களைக்கு வருவோம். சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறினால் போதும், தேன் ஒன்றும் செய்யாது, பாகற்காய் தின்றால் பிரியாணிக்குச் சரியாகிவிடும் என்பன போன்ற நம்பிக்கைகள் வீட்டுக்கு வீடு உலவுகின்றன. கருப்பட்டியும் தேனும் இரத்தத்தில் சர்க்கரையையே ஏற்றும். தட்டு நிறையச் சோறும், இரவில் பரோட்டாவும், நாளுக்கு ஐந்து முறை இனிப்புத் தேநீரும் இருக்கையில் ஒரு பாகற்காய் என்ன செய்யும்? சோற்றைக் குறைத்துக் கறிகாயையும் பருப்பையும் மீனையும் கூட்டுவதே வழி. இதை முடிவு செய்பவர்கள் வீட்டுப் பெண்மக்கள். ஆகவே மாணவிகள் வீட்டுக்குள் சென்று உம்மாமார்களோடு அமர்ந்து பேசினாலொழிய இந்தத் தொண்டு பாதியிலேயே நின்றுவிடும். நடைக்கு வெளியே செல்லத் தயங்கும் பெண்களுக்கு மொட்டை மாடியும் முற்றமும் இருக்கின்றன. கருவுற்ற சகோதரிகள் சர்க்கரைப் பரிசோதனையைத் தவிர்க்கலாகாது என்பதையும் மாணவிகளே எடுத்துச் சொல்ல முடியும்.

ரமலான் மாதத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 13 நாடுகளில் 12,000-க்கு மேற்பட்ட முஸ்லிம் நோயாளரிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வு, முதியோரைப் பெரிதும் பாதிக்கும் இரண்டாம் வகை நீரிழிவு உடையோரில் நூற்றுக்கு 79 பேர் நோன்பு நோற்றதாகக் காட்டியது. சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்துபோகும் ஆபத்து அம்மாதத்தில் கூடியதையும் அது கண்டது. எனவே நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்னரே மருத்துவரைக் கலந்து மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பலரின் தீர்ப்பு. பகலில் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டுமென்பது மருத்துவர்களின் அறிவுரை. நோயாளிக்கு வேறு நாள்களின் சலுகையை அல்பகரா அத்தியாயத்தில் இறைவனே வழங்கியிருக்க, அதை ஏற்க நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? ஷஅபான் மாத ஜும்ஆ ஒன்றில் இமாம் அவர்கள் இதை விளக்குவார்களானால், நூறு துண்டுப் பிரசுரங்கள் செய்யாததை அது செய்யும்.

தொண்டு செய்யும் பிள்ளைகளுக்கும் சில வார்த்தைகள். மருந்து சொல்வது உங்கள் வேலையன்று. பயிற்சி பெற்ற செவிலியர் இல்லாமல் ஊசி தொடாதீர்கள். ஒருவருக்குக் குத்திய முனையை மற்றவருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவ வழி பிறக்கும். யாருடைய எண்ணையும் பிறர் காதில் விழச் சொல்லாதீர்கள். மணமாகாத ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை இருப்பது தெருவில் பரவினால், அவளுக்கு வரும் சம்பந்தங்கள் நின்றுபோகும் என்று அவள் பெற்றோர் அஞ்சுவர். அந்த அச்சத்தில் சோதனைக்கே வராமல் இருந்துவிடுவர். உங்கள் நோட்டுப் புத்தகம் ஓர் அமானிதம். அதைக் காப்பதும் தொண்டின் ஒரு பகுதி.

பெரியவர்களிடம் பேசும் முறையும் முக்கியம். "இதைத் தின்னாதீர்கள்" என்று பந்தியில் தட்டைப் பிடுங்கும் பிள்ளையின் பேச்சு எடுபடாது. "வாப்பா, வாருங்கள், சுப்ஹு தொழுதுவிட்டு இருவரும் அரை மணி நேரம் நடந்து வருவோம்" என்று செருப்பை எடுத்து வைக்கும் பிள்ளையின் அழைப்பு எடுபடும். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் தந்தையைச் சந்திக்க உறவினர் வரிசையில் நிற்கிறார்கள்; அந்த ஒரு மாதத்தில் ஒரு காலைப்பொழுதைப் பரிசோதனைக்கு ஒதுக்கச் செய்யும் உரிமை பிள்ளைக்குத்தான் உண்டு.

சோதனைக்கும் மாத்திரைக்கும் பணமில்லையே என்று ஏழைகள் கலங்க வேண்டியதில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரண்டும் இலவசம். மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தமிழக அரசு 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வசதி இருந்தும் வழி தெரியாமல் நிற்கும் மூதாட்டியைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஆள் வேண்டும். அந்த ஆளாக ஒரு மாணவரோ மாணவியோ இருக்கலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மஹல்லாவில் பத்து மாணவ மாணவியரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவருக்கும் பத்து வீடுகளை ஒப்படையுங்கள். பரிசோதனைக்குப் பின் மாதம் ஒரு முறை அவர்கள் அதே வீட்டுக் கதவைத் தட்டி மூன்றே கேள்விகள் கேட்கட்டும்: மாத்திரை தீராமல் இருக்கிறதா? நடக்கிறீர்களா? காலில் புண் ஏதும் உண்டா? சர்க்கரை குறைந்துவிட்டதென்று தாமாகவே மாத்திரையை நிறுத்தியவரும், உணர்விழந்த பாதத்தில் முள் தைத்தது தெரியாமல் நடப்பவரும் அந்த மூன்று கேள்விகளில் அகப்பட்டுவிடுவார்கள்.

காலை இழந்தபின் ஊன்றுகோல் வாங்கித் தரும் தருமம் நம்மிடம் நிறைய உண்டு. அந்தக் காலைக் காப்பாற்றித் தரும் தருமத்தையும் நம் பிள்ளைகள் தொடங்கி வைக்கட்டும். வல்ல இறைவன் துணைபுரிவானாக!