இரிடியம் இல்லையென்று இருந்துவிடலாமா?

நண்பர்களே, நம் விடுதி அறையைச் சற்றே உற்று நோக்குங்கள்! கேரம் பலகையில் தூவும் வெண்பொடி போரிக் அமிலம். அதில் இருப்பது போரான். தீப்பெட்டியின் உரசும் பட்டையில் இருப்பது செம்பாஸ்பரஸ். துணிப்பெட்டிக்குள் கிடக்கும் அந்துருண்டையோ, இரு பென்சீன் வளையங்கள் ஒட்டிப் பிறந்த நாப்தலீன். போரான், பாஸ்பரஸ், அரோமாட்டிக் வளையம் ஆகிய இம்மூன்றையும் சுற்றியே இன்றைய வேதியியலின் புதுமை ஒன்று சுழல்கிறது.

வளையத்தில் போரான் தொகுதியை இணைப்பது, அண்டாவுக்குக் காது வைப்பது போன்றது. அந்தக் காதைப் பற்றி வேறொரு வளையத்தை அதனோடு பிணைக்கலாம். மருந்துகள் பல இவ்வழியில் உருவாகின்றன. பல்லேடியத்தின் துணையால் இதைச் செய்துகாட்டிய அகிரா சுசுகி, 2010-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆனால் காது வைப்பதற்கே 2002 முதல் பெரிதும் துணைநிற்பது இரிடியம். புவியோட்டில் மிக அரிதான தனிமங்களுள் ஒன்று. விலையோ எட்டாக் கனி! மருந்தில் உலோக எச்சம் தங்காமல் நீக்கவும் வேண்டும்.

இவ்வேலையைப் பாஸ்பரஸ் செய்தால் என்ன? மூன்று பிணைப்புகளோடு நிற்கும் பாஸ்பரஸ், ஐந்தாக விரிந்து மீண்டும் மூன்றாகச் சுருங்க வல்லது. உலோகங்கள் வினையூக்கிகளாக விளங்குவதும் இத்தகைய கொடுக்கல் வாங்கலால் அன்றோ? தீப்பெட்டிப் பட்டையைச் சுரண்டிப் போட்டால் நடவாது. கரிமப் பாஸ்பரஸ் சேர்மங்களே வேண்டும். எல்லா வளையங்களும் இணங்குவதில்லை. காற்றும் ஈரமும் பட்டால் கெடும் சேர்மங்களும் உண்டு. ஆயினும் வழி திறந்துவிட்டது. 1979-இல் போரான் ஆய்வுக்காகப் பிரௌனும், பாஸ்பரஸ் ஆய்வுக்காக விட்டிக்கும் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அவ்விரு தனிமங்களும் இன்று ஒரே குடுவையில் கைகோக்கின்றன!

நான் கொல்லிமலை வளப்பூர் நாட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் படிக்க வந்தவன். "அதெல்லாம் பெரிய ஆய்வுக்கூடத்துக் காரியம், நமக்கு உப்புப் பகுப்பாய்வு போதும்" என்ற பேச்சு நம்மிடையே உண்டு. அதை நான் ஏற்கவில்லை. இரிடியம் வாங்க நம்மால் இயலாது என்பது உண்மையே. ஆனால் பாஸ்பரஸ் அந்நியமா? அண்டையிலுள்ள திருச்சி மாவட்டத்து ஊட்டத்தூர் மண்ணிலேயே பாஸ்பேட் உருண்டைகள் கிடைக்கின்றனவே!

நைட்ரஜன் உருளை ஒன்று, காற்றுப் புகாத கண்ணாடிக் குழாயமைப்பு ஒன்று, மாதம் ஒரு கருத்தரங்கு: தொடங்குவதற்கு இவை போதும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் உழைக்க நாங்கள் காத்திருக்கிறோம்.

மலிவானது என்று தீப்பெட்டியின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த தனிமம், தன் செயலால் அரிய உலோகத்தின் இருக்கையைக் கேட்கிறது. மலைநாட்டு மாணவன் கேட்கக் கூடாதா?