கையொப்பமிட மறுத்த கை



நாடகம் எழுதுவோனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கைத்தட்டல் எந்த இடத்தில் எழுமோ அந்த இடத்தில் திரையை இறக்கிவிடத் துடிப்பான். காதலர் கைபிடித்தனரா? சுபம்! கொடியவன் வீழ்ந்தானா? மங்களம்! அடுத்த நாள் காலை அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. மேடையில் முழங்குவோனுக்கும் இதே நோய் உண்டு. நான் இரண்டு தொழிலும் பார்ப்பவன். ஆகவே என் நோயும் இரட்டிப்பு நோய்.

அந்த நோய்க்கு மருந்து தேடி இந்த ஞாயிறு கடல் கடந்து போகிறேன். என்னோடு வாருங்கள், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் வரையில்.

1862ஆம் ஆண்டு, மே 13. விடியலுக்கு இன்னும் நேரமிருக்கிறது. சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 'பிளாண்டர்' என்னும் நீராவிக் கப்பல் நிற்கிறது. அடிமை முறையைக் காக்கப் போர் தொடுத்த தென்னவர் படையின் கப்பல் அது. வெள்ளை அதிகாரிகள் கரையிறங்கி வீட்டுக்குப் போய்விட்டனர். கப்பலில் இருப்போர் கறுப்பின அடிமை மாலுமிகள் மட்டுமே. சுக்கான் பிடிப்பவனுக்கு வயது இருபத்து மூன்று. பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். பன்னிரண்டு வயதில் வேலைக்கு வாடகைக்கு விடப்பட்ட பிள்ளை. அவன் உழைத்த கூலியில் வாரத்திற்கு ஒரு டாலர் அவனுக்கு; மிச்சமெல்லாம் எசமானுக்கு! தன் மனைவி ஹானாவையும் பெற்ற மகளையும் விலைக்கு வாங்கி விடுவிக்க அவனிடம் கேட்கப்பட்ட தொகை 800 டாலர். தன் குழந்தையை விலை கொடுத்து வாங்க வேண்டிய தகப்பன்! எண்ணிப் பாருங்கள் தோழர்களே, எண்ணிப் பாருங்கள்!

அவன் கப்பலைக் கிளப்பினான். மற்றொரு துறையில் ஒளிந்திருந்த மனைவி மக்களை ஏற்றிக்கொண்டான். மொத்தம் 16 பேர். பிடிபட்டால் கப்பலோடு மாண்டுபோவது என்பது அவர்கள் செய்துகொண்ட முடிவு. தலைவனின் வைக்கோல் தொப்பியை அணிந்து, அவனைப் போலவே நின்று, கோட்டைக்குக் கோட்டை ஊத வேண்டிய ஊதலை முறைப்படி ஊதி, சம்டர் கோட்டையின் பீரங்கிகளின் வாய்க்கு நேரே கப்பலைச் செலுத்தினான். பீரங்கி பேசவில்லை. எல்லை கடந்ததும் கொடியை இறக்கி, வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினான். வடவர் கடற்படையிடம் கப்பலையும் அதிலிருந்த பீரங்கிகளையும் ஒப்படைத்தான்.

அவன், அவன் என்றுதானே இதுவரை எழுதினேன்? இரவு முடிந்தது. அவன் இனி அடிமையல்லன். ஆகவே, இனி அவர்.

இங்கே திரையை இறக்கினால் கொட்டகை அதிரும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கப்பலைக் கடத்தியவர் என்று சொல்லிக் கதையை முடிக்கிறார்கள். நான் முடிக்க மறுக்கிறேன். அந்த இரவில் அவர் சந்தித்தது சில மணி நேர ஆபத்து. அதற்குப் பின் அவர் சந்தித்தது ஐம்பதாண்டுக் கால அரசியல். எது கடினம்?

போர்க்களத்தில் அவர் குறை வைக்கவில்லை. 1862 ஆகஸ்டில் வாஷிங்டன் சென்று, போர் அமைச்சர் ஸ்டாண்டனைக் கண்டு, 5,000 கறுப்பினத்தாரைப் படையில் சேர்க்கும் அனுமதியோடு திரும்பியவர்களில் அவரும் ஒருவர். 1863 ஏப்ரலில் சார்ல்ஸ்டன் தாக்குதலில் 'கியோகக்' என்ற இரும்புக் கப்பலுக்கு வழிகாட்டினார். ஏறத்தாழ 90 குண்டுகள் தைத்த அந்தக் கப்பல் மறுநாள் மூழ்கியது. அதே ஆண்டின் இறுதியில் 'பிளாண்டர்' குண்டு மழையில் சிக்கியபோது, வெள்ளைத் தலைவன் நிலக்கரிக் கிடங்குக்குள் ஒளிந்துகொண்டான். ஸ்மால்ஸ் சுக்கானைப் பிடித்துக் கப்பலைக் காத்தார். கப்பலின் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது.

அந்தத் தலைவர் 1864இல் பிலடெல்பியா நகரில் டிராம் வண்டி ஏறினார். உள்ளே உட்காரக் கூடாது என்றனர். இறங்கி நடந்தார். எந்த நாட்டுக்காகக் குண்டுகளுக்கு நடுவே நின்றாரோ அந்த நாட்டின் டிராமில் அவருக்கு இடமில்லை! சேதி பரவியது. கிளர்ச்சி வளர்ந்தது. 1867இல் பென்சில்வேனியா சட்டமன்றம் அந்த வேற்றுமையைச் சட்டம் போட்டு ஒழித்தது.

இதை ஊன்றிக் கவனியுங்கள். பீரங்கி பெற்றுத்தராத இருக்கையைச் சட்டமன்றம் பெற்றுத்தந்தது. வீரம் கதவை உடைக்கும். உடைத்த கதவு மீண்டும் மூடாமலிருக்கச் சட்டம் வேண்டும். போர் முடிந்ததும் ஸ்மால்ஸ் தேடிப் போன களம் சட்டமன்றம்.

1868இல் தென் கரோலினாவின் அரசியல் நிர்ணய சபை கூடியது. உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தார். முன்னாள் கப்பல் தலைவர் அங்கே எழுந்து என்ன கேட்டார்? பட்டம் கேட்டாரா? பதக்கம் கேட்டாரா? பள்ளிக்கூடம் கேட்டார்! எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக, கட்டாயமாகக் கல்வி தரும் பொதுப் பள்ளிகள் வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது குற்றம் என்று 1834இல் சட்டம் செய்த மாநிலம் அது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். விட்டதன் வலி எனக்குத் தெரியும். தொடவே கூடாதென்று தடுக்கப்பட்டவர்களின் வலியை அந்தத் தீர்மானத்தில் நான் காண்கிறேன்.

அதே ஆண்டு மாநிலப் பிரதிநிதிகள் சபைக்கும், 1870இல் மாநில மேல்சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநிலக் குடிப்படையில் மேஜர் ஜெனரல் நிலைக்கு உயர்ந்தார். 1875இல் வாஷிங்டன் காங்கிரசுக்குச் சென்றார்; மொத்தம் ஐந்து முறை அங்கே அமர்ந்தார். அடிமையாகப் பிறந்த பியூபோர்ட் நகரில், எந்த எசமானின் வீட்டுக் கொல்லைக் குடிசையில் பிறந்தாரோ, அந்த எசமானின் வீட்டையே வரிபாக்கி ஏலத்தில் வாங்கிக் குடியேறினார். எதிர்த்து வழக்குப் போட்டனர். 1878இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றும் வீடு அவருக்கே நின்றது.

இனி, சொல்லக் கசக்கும் செய்தி ஒன்று. சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன்.

1877இல், மாநில மேல்சபை உறுப்பினராக இருந்தபோது அச்சு ஒப்பந்தத்தில் 5,000 டாலர் லஞ்சம் பெற்றார் என்று அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. மூன்றாண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. மூன்று நாள் சிறையில் இருந்தார், மேல்முறையீட்டில் வெளிவந்தார். 1879இல் ஆளுநர் மன்னிப்பு அளித்தார். குற்றமற்றவன் நான் என்று அவர் கடைசிவரை சொன்னார். வழக்குத் தொடுத்தது அவருடைய எதிரிகள் கைப்பற்றியிருந்த ஆட்சி. முக்கியச் சாட்சியோ, தன்னைக் காத்துக்கொள்ள அப்ரூவராக மாறியவர்.

எதிரி ஆட்சி போட்ட வழக்கு, எனவே பொய் வழக்கு என்று ஒரு வரியில் தள்ளிவிட என் நாவு துடிக்கிறது. தள்ளமாட்டேன். அந்தக் காலத்துத் தென் கரோலினா ஆட்சியில் ஊழல் இருந்தது உண்மை. எதிரி காத்திருக்கிறான் என்று தெரிந்த பிறகும் கணக்கேட்டைத் திறந்து வைக்கத் தவறிய இயக்கம், எதிரிக்கு ஆயுதம் செய்து கொடுத்த இயக்கமாகிறது. ஒருவர் மீது விழுந்த தீர்ப்பைக் காட்டி ஓர் இனத்துக்கே ஆளத் தகுதியில்லை என்று பறையறைந்தார்கள். ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதி தூயவராக இருந்தால் மட்டும் போதாது. ஐயத்துக்கும் இடமில்லாமல் இருந்தாக வேண்டும். இது நியாயமா? நியாயமில்லை. ஆனால் நிலைமை அது. பொறுப்பில் இருக்கும் தோழர்கள் இந்த வரியை இருமுறை படிக்க வேண்டுகிறேன்.

அந்த ஆட்சி எப்படிக் கவிழ்ந்தது? 1876 தேர்தலில் சிவப்புச் சட்டை அணிந்த ஆயுதக் கும்பல்கள் குதிரையேறி வந்தன. கறுப்பின வாக்காளரை மிரட்டின, அடித்தன, கொன்றன. வாக்குப் பெட்டியிலும் சூழ்ச்சி நடந்தது. வடபுலத்து அரசு தன் படைகளை 1877இல் விலக்கிக்கொண்டது. பீரங்கிகளைக் கடந்து வந்தவர், வாக்குச் சாவடியை இழந்தார்.

இப்போது கடைசிக் காட்சி. 1895. மீண்டும் ஓர் அரசியல் நிர்ணய சபை. 1868இல் பாதிக்கு மேல் இருந்த கறுப்பின உறுப்பினர்கள் இப்போது எத்தனை பேர்? ஆறு! ஆறே ஆறு! சபை கூடியதன் நோக்கத்தை பென் டில்மன் மறைக்கவில்லை: கறுப்பினத்தாரின் வாக்கைப் பறிப்பது. தலைவரி கட்டிய ரசீது காட்டு. எழுத்துப் படித்துக் காட்டு. அல்லது 300 டாலர் சொத்துக் காட்டு! படித்தவன் யார், பொருள் புரிந்தவன் யார் என்று தீர்ப்பவர் வெள்ளை அதிகாரி. எழுத்தைத் தடுத்தவர்களே, எழுதத் தெரியாதவனுக்கு வாக்கில்லை என்றனர்!

ஐம்பத்தாறு வயதில் எழுந்து நின்றார் ஸ்மால்ஸ். தன் இனத்துக்குத் தனிச் சலுகை வேண்டாம். வாழ்க்கைப் போரில் சம வாய்ப்பு ஒன்றே போதும் என்ற கருத்தை அந்தச் சபையில் வைத்தார். இரு இனத்தார் திருமணம் கூடாது என்று விதி எழுத முனைந்தபோது, அப்படியானால் கறுப்பினப் பெண்ணோடு முறைகேடாக வாழும் வெள்ளையருக்குப் பதவியும் கூடாது என்று திருத்தம் கொடுத்தார். சபை திகைத்தது. திருத்தம் வீழ்ந்தது, ஆனால் முகமூடியும் சேர்ந்து வீழ்ந்தது.

முடிவில் சாசனத்தை நீட்டிக் கையொப்பம் கேட்டனர். மறுத்தார். கையொப்பமிடுவதைவிட பியூபோர்ட்டுக்கு நடந்தே போவேன் என்றார் என்பர்.

எனக்கு அந்தக் கப்பலைவிட இந்தக் கை பெரிது. கப்பல் இரவில் வெற்றி காத்திருந்தது, பிழைத்தால் விடுதலை. 1895இல் தோல்வி உறுதி; எதிரே இருந்தவர் எண்ணிக்கை நூற்றுக்கு மேல். உதவிக்கு வரக் கடலில் ஒரு கப்பலும் இல்லை. வெல்லும் நாளில் துணிவு எளிது. தோற்கும் நாளில், தோல்வி என்று தெரிந்தே, அநீதிக்குத் தன் பெயரைத் தர மறுப்பதுதான் அரிது.

பயன் என்ன என்று கேட்பீர்கள். உடனே ஒன்றுமில்லை. 1915இல் அவர் மறைந்தபோது அந்தச் சாசனம் உயிரோடிருந்தது. அவருடைய மண்ணில் வாக்குரிமைக்குச் சரியான காவல் கிடைக்க 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் எதிர்த்துத் தென் கரோலினா உச்ச நீதிமன்றம் சென்று 1966இல் தோற்றது. அந்த மாநிலத்திலிருந்து மீண்டும் ஒரு கறுப்பினத்தவர் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்டு 1992. தென்னவர் படை வென்ற சமர் ஒன்றின் பெயரைத் தாங்கியிருந்த அமெரிக்கப் போர்க்கப்பலுக்கு 2023இல் ராபர்ட் ஸ்மால்ஸ் என்று பெயர் மாற்றினர். ஒருமுறை பறிபோன வாக்கு, திரும்பி வர எழுபதாண்டு எடுத்துக்கொண்டது!

ஆகவே, தோழர்களே, வெற்றி ஊர்வலம் முடிந்து மேளம் ஓய்ந்த பின் உங்கள் தெருவுக்குத் திரும்புங்கள். வாக்காளர் பட்டியலை எடுங்கள். எந்த வீட்டுப் பெயர் விடுபட்டது, எந்தக் குடிசையின் பெயர் நீக்கப்பட்டது என்று விரல் வைத்துப் பாருங்கள். கைத்தட்டல் கிடைக்காத வேலை அது. மாலை விழாத வேலை. கப்பலில் வென்றதைக் கரையில் காப்பது அந்த வேலைதான்.

திரையை நான் இறக்கவில்லை.