ஆறு வரிக்குள் அம்மா

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை இரவு, நிகழ்ச்சி முடிந்து காரை எடுக்க இறங்கிக்கொண்டிருந்தேன். ஈப்போவிலிருந்து பெரியம்மா அழைத்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகையில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஒரு படம், ஆறு வரி. “நீதான் ரேடியோவுல வாய் ஓயாம பேசுறியே, நீயே எழுதிக் கொடுத்திரும்மா” என்றார். பேசத் தெரிந்தவர்களுக்கு எழுதவும் தெரியும் என்பது எங்கள் வீட்டில் நெடுநாளாக இருக்கும் ஒரு தப்பான எண்ணம்.

இறந்தவர் என் பாட்டி. என்னைப் பெற்றவரைப் பெற்றவர். ஆனால் எங்களில் ஒருவரும் அவரைப் பாட்டி என்று கூப்பிட்டதில்லை. ஒன்பது பிள்ளைகள் ‘அம்மா’ என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பேரப்பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் அப்படியே கூப்பிட்டுவிட்டோம். என்னைப் பெற்றவர் எனக்கு ‘மம்மி’. அம்மா என்றால் ஆயர் தாவாரில் இருப்பவர். தோட்டத்தில் வேர் உள்ள குடும்பங்களில் இது அதிசயமில்லை. உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஓர் அம்மா இருந்திருப்பார்.

பெயரை எழுதினேன். அடுத்து வயது. அங்கேயே நின்றுவிட்டேன். அடையாள அட்டைப்படி பிறந்த நாள் 1932 ஜனவரி 1. அந்தத் தேதிக்கு ஒரு கதை உண்டு. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவித்த பிறகு, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படமும் கைரேகையும் ஒட்டிய அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தோட்டத்து ஆபீசில் வரிசையில் நின்ற அம்மாவிடம் கிராணியார் வயதைக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்குத் தெரியவில்லை. முன்னால் நின்ற பெண்ணைவிட ஒரு சாண் உயரமாக இருந்ததால் பதினாறு என்று போட்டுவிட்டாராம். தேதி சொல்லத் தெரியாத எல்லோருக்கும் ஜனவரி ஒன்று. “எங்க லயத்துல பாதிப் பேரு ஒரே நாள்ல பொறந்தவங்க” என்று சொல்லிச் சிரிப்பார். 93 என்று எழுதினேன். சின்னம்மாவைக் கேட்டால் 95 என்பார்.

அவருடைய அப்பாவைக் கேட்டிருந்தால் சரியான தேதி கிடைத்திருக்கும். அவர் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. செத்தார் என்று சேதி சொல்லவும் யாரும் வராததால், அம்மாவைப் பெற்றவர் கடைசி நாள்வரை நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை.

இதெல்லாம் ஆறு வரிக்குள் வராது என்று எனக்கே தெரியும். ஆனால் சண்டை வந்தது வேறோர் இடத்தில்.

இறப்பைப் பதியப் போனபோது பாரத்தில் தொழில் என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. பெரிய மாமா ‘சூரி ரூமா’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதையே தமிழாக்கி, அறிவிப்பில் ‘அன்பான இல்லத்தரசி’ என்று போடச் சொன்னார். இரண்டு மொழியிலும் ராணி என்பதைக் கவனியுங்கள். மலாயில் சூரி, தமிழில் அரசி. சம்பளம் கொடுக்காதவர்கள் பட்டத்தையாவது பெரிதாகக் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “முப்பத்தொரு வருசம் பால்மரம் சீவுனவங்க அவங்க. அத எழுத உனக்கு என்ன கூச்சம்?” என்று குடும்ப வாட்சாப் குழுவிலேயே குரல் பதிவு போட்டார். மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் அளந்து ஒரு வரி பதில் போட்டார்: “பேப்பரில் எதற்கு அதெல்லாம்.” இரண்டு நாள் குழுவில் யாரும் பேசவில்லை. காலை வணக்கப் படங்கள்கூட வரவில்லை என்றால் நிலைமை புரியும்.

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் குறையாகத்தான் பட்டது. அம்மாவின் ஒரு நாளை எடுத்துப் பார்த்தால், எது தொழில், எது வீடு என்று எங்கே கோடு போடுவது?

நான்கு மணிக்கு எழுவார். விறகு அடுப்பில் சோறு, ஒரு குழம்பு, கடுங்காப்பி. கைப்பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு விடிவதற்குள் பெரட்டுக்குப் போக வேண்டும். ரப்பர் மரத்தில் குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் பட்டை வாயை மூடிக்கொள்ளும். அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நானூறு, ஐந்நூறு மரங்களைச் சீவி முடித்து, மறுபடி முதல் மரத்திலிருந்து மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளி இரண்டையும் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். மழை பெய்தால் மரத்தில் கை வைக்க முடியாது. அன்றைக்குக் கூலியும் குறையும். வீடு திரும்பியதும் ஒட்டுப்பால் நாற்றம் போகக் குளித்து, துவைத்து, விறகு பொறுக்கி, ஆட்டைக் கட்டி, மறுபடி அடுப்பு. அம்மாவின் அம்மா காலத்தில் இதே வேலைக்கு இன்னும் குறைவு. 1928ல் பல தோட்டப் பகுதிகளில் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசு ஏன் குறைந்தது என்று எந்த மரமும் கேட்டிருக்காது.

வந்த கூலியை வீடாக மாற்றியதும் அவரே. தாத்தா நல்லவர், ஆனால் சம்பளத்தன்று சாயங்காலம் அவர் நல்லவராக இருந்தாரா என்பது பற்றிக் குடும்பத்தில் இரண்டு கருத்து உண்டு. அம்மா லயத்துப் பெண்களைச் சேர்த்துக் கூட்டு பிடித்தார். எட்டாம் மாதச் சீட்டில் ஒரு தையல் மிஷின். தையல் காசில் மாமாவின் பரீட்சைக் கட்டணம். எழுதப் படிக்கத் தெரியாது. யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதைச் சமையலறைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைத்திருந்தார். லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தால் அந்தச் சுவரை மட்டும் தொடவிட மாட்டாராம்.

ஒரு பழக்கம் அவருக்கு இருந்தது. வாசலைத் தாண்டிப் போகிற யார் கையிலும் தின்ன ஏதாவது வைத்துவிடுவார். பக்கத்துக் கடைக்குப் போனாலும் சரி, கோலாலம்பூருக்குப் போனாலும் சரி. ஒரு வாழைப்பழம், இரண்டு முறுக்கு, இல்லாவிட்டால் ஆயர் தாவார் பட்டணத்தில் வாங்கிய கொங்பியா. அதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1903ல் சித்தியவானில் வந்து குடியேறிய பூச்சோவ் சீனர்களின் ரொட்டி அது. மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுவார்கள். சூடாக இருக்கும்போது அதற்கு நிகரில்லை. ஆறிப்போனால் பல்லுக்குச் சோதனை. அம்மா கடைக்கார ஆச்சியிடம் அவர்கள் பாஷையிலேயே விலை பேசுவார். எங்களுக்கு மானம் போகும்.

ஊடகத் துறையில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பாடத்துக்காக அவரைப் பேட்டி எடுத்தேன். முறையாக மைக் வைத்து, கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். அவசரகாலத்தைப் பற்றிக் கேட்டதும், துப்பாக்கி, பட்டாளம் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது சோற்றைப் பற்றி.

காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். அரிசி அளந்துதான் கிடைத்தது. காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் சோதனை. சோறு, ரொட்டி எதையும் வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 1951ல் மாமா பிறந்து சில மாதங்கள். பால் கொடுக்கும் தாய், விடியற்காலையில் குடித்த கடுங்காப்பியோடு மதியம் வரை மரம் சீவ வேண்டும். ஒரு நாள் முந்தானையில் ஒரு துண்டு மரவள்ளிக் கிழங்கை முடிந்துகொண்டு போயிருக்கிறார். கேட்டில் நின்ற பெண் சோதனைக்காரி அதை அவிழ்த்து, எல்லோர் முன்னாலும் தரையில் போடச் சொன்னாராம். “அன்னிக்குப் பசிச்சது மறந்துபோச்சு. கெழங்கு மண்ணுல கெடந்தது மறக்கல” என்றார்.

அதற்கு மேல் நான் எழுதிக்கொண்டு போன கேள்வி எதையும் கேட்கவில்லை. அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. பின்னணியில் குக்கர் விசில் இரண்டு முறை கேட்கும். மூன்றாவது விசிலுக்கு அவர் எழுந்து போய்விட்டார், பேட்டி முடிந்தது.

1981ல் தோட்டத்தில் ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டார்கள். அம்மாவின் வேலை அதோடு நின்றது. சேமநிதிச் சட்டம் 1951லேயே வந்துவிட்டதால் அவர் பெயரில் பணம் சேர்ந்திருந்தது. 55 வயதில் எடுத்தார். அதாவது கிராணியார் கொடுத்த வயதில். சின்னம்மா கணக்குப்படி இரண்டு வருடம் தாமதம். எட்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி. அது ஆயர் தாவார் தாமான் வீட்டுக்கு முன்பணமானது. வீட்டுப் பத்திரத்தில் இருப்பது தாத்தா பெயர்.

அதற்குப் பிறகுள்ள நாற்பத்துச் சொச்சம் வருடங்கள்தான் நாங்கள் பார்த்தவை. எங்களை வளர்த்தது, தாத்தாவைக் கடைசி ஆறு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தது, ஒன்பது பிள்ளைகளின் பிரசவங்களுக்கும் சண்டைகளுக்கும் பஸ் ஏறிப் போய் வந்தது. இவற்றுக்கு எந்தப் புத்தகத்திலும் கணக்கு இல்லை, சுவரில் கரிக்கோடுகூட இல்லை. 2022 டிசம்பர் 1 முதல் சொக்சோவில் இல்லத்தரசிகளுக்கென்று ஒரு திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 120 வெள்ளி. வீட்டு வேலை செய்யும்போது அடிபட்டாலும், இயலாமல் போனாலும் உதவி உண்டு. 55 வயதுக்கு உட்பட்டவர்கள்தான் சேரலாம் என்பதால் அம்மாவுக்கு அது காலம் கடந்து வந்த சங்கதி. மம்மிக்கும் வயது தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் தாண்டாதவர் இருந்தால் கணவரோ பிள்ளையோ கட்டிவிடுங்கள். மாதத்துக்குப் பத்து வெள்ளிதான். நாம் தே தாரேக்கு அதைவிட அதிகம் கொடுக்கிறோம்.

அறிவிப்பு கொடுக்க வேண்டிய கடைசி நாள் காலையில், குழுவில் இல்லாமல் நேராக எனக்கே மாமா போன் செய்தார். பதிவேடு வாசிப்பதுபோல் மெதுவாகப் பேசினார். ஆறாம் வகுப்புவரை அவரும் விடியற்காலையில் அம்மாவோடு மரத்துக்குப் போவாராம். விளக்கு பிடிப்பது, மங்கு துடைப்பது. அப்படியே ஓடிப்போய்ப் பள்ளிக்கூட உடுப்பு மாட்டிக்கொள்வார். இடைநிலைப் பள்ளிக்குப் பட்டணத்துக்குப் போனபோது வகுப்பில் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் காயும் துணியெல்லாம் அதே வாடை. “ஒரு தடவை அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்க, வேலை முடிச்சு அப்படியே. நான் தெரியாத மாதிரி நின்னுட்டேன். அவங்க பார்த்தாங்க. ஒன்னும் சொல்லல, திரும்பிப் போயிட்டாங்க.”

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். வானொலியில் மூன்று விநாடி மௌனம் வந்தாலே கட்டுப்பாட்டு அறையில் பதறுவார்கள். அன்று அரை நிமிடத்துக்கு மேல் போயிருக்கும்.

“போட்டுரு” என்றார். “ஆனா முப்பத்தொன்னு இல்ல. உங்க பெரியம்மாவுக்குக் கணக்கு வராது. நாப்பத்தெட்டுல ஆரம்பிச்சாங்க, எண்பத்தொன்னுல நிறுத்துனாங்க. முப்பத்து மூனு.”

அப்படியே போட்டோம். ‘33 ஆண்டுகள் பால்மரம் சீவியவர், 9 பிள்ளைகளின் தாய், எங்கள் இல்லத்தரசி.’ இல்லத்தரசியை எடுக்க மாமா விடவில்லை. ஆறு வரி ஏழாகிவிட்டது. கூடுதல் கட்டணத்தை அவரே கட்டினார்.

பதினாறாம் நாள் படையலில் மரவள்ளிக் கிழங்கும் வைத்திருந்தார்கள். யார் சொல்லி வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியபோது, பெரியம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் ஒரு கூடை. எந்தக் காரையும் அவர் சும்மா விடவில்லை. என் முறை வந்தபோது முறுக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. கூடைக்குள் தேடி இரண்டு கொங்பியாவை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்தார்.

“காலைல வாங்குனது, ஆறிப்போச்சு” என்றார். “தஞ்சோங் மாலிம் போறதுக்குள்ள சாப்பிட்டுரு.”